பழைய ராணுவ வானொலிக் கருவிகளுக்கு மின்வழங்கி அமைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் டாங்கிகளில் பொருத்தப்பட்ட 19ஆம் எண் வயர்லெஸ் கருவி 12 வோல்ட் பேட்டரியில் ஓடியது என்பதால், வீட்டு மின்சாரத்திலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த 12 வோல்ட், வால்வுகளின் (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்கள்) ஹீட்டர்களைச் சூடாக்கியதோடு, மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயையும் இயக்கியது. தனிப்பெட்டியில் இருந்த சுழல் எந்திரத்தையும் ஓட்டி, ஏற்பிக்கு (ரிசீவர்) ஏறத்தாழ 275 வோல்ட்டும் ஒலிபரப்பிக்கு (டிரான்ஸ்மிட்டர்) ஏறத்தாழ 500 வோல்ட்டும் பெற்றுத் தந்தது. ஆகவே அந்தப் பெட்டிக்கு மாற்றாக நாம் அமைக்கும் மின்வழங்கி மூன்று மின்னழுத்தங்களையும் தர வேண்டும். ஹீட்டருக்கு மாறுமின்னோட்டம் போதும் என்று டிரான்ஸ்ஃபார்மரின் 12 வோல்ட்டை அப்படியே கொடுத்தால், நேர்மின்னோட்டத்துக்கென்று செய்யப்பட்ட ரிலே அதிரும். கருவியின் மின்சுற்று வரைபடத்தைப் படித்து முடிக்கும் முன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதே முதல் தவறு என்பது என் உறுதியான கருத்து.

வரைபடத்தைப் படிக்காததன் விலையை மிகத் தெளிவாகக் காட்டுவது, லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் இருந்த ஆர் 1155 ஏற்பி. உயர் அழுத்த மின்வழங்கியின் எதிர்முனையைச் சேசிஸுடன் (கருவியின் உலோகச் சட்டம்) இணைப்பது வழக்கம். இந்த ஏற்பியிலோ அந்த எதிர்முனை மின்தடைகள் வழியாகவே சேசிஸை அடைகிறது. அவற்றில் உண்டாகும் மின்னழுத்தமே வால்வுகளில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கிரிட்களுக்கு எதிர் மின்னழுத்தமாகப் பயன்படுகிறது. மின்வழங்கியில் எதிர்முனையைச் சேசிஸுடன் இணைத்துவிட்டால் அந்த மின்தடைகள் குறுக்கிணைப்பாகி, கிரிட் மின்னழுத்தம் மறைந்து, வால்வுகள் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுக்கும். இதைத் தெரிந்தே தவிர்த்தவர்கூட, உலோகக் கூட்டுடன் கூடிய வடிகட்டு மின்தேக்கியைக் காப்பு வளையம் இல்லாமல் பெட்டியில் முடுக்கி, அதே இணைப்பைத் தன்னையறியாமல் ஏற்படுத்திவிடலாம்.

அடுத்த தவறு கணக்கில் நேர்வது. 250-0-250 வோல்ட் (நடுமுனையிலிருந்து இருபுறமும் 250 வோல்ட் தரும்) டிரான்ஸ்ஃபார்மருடன் சிலிக்கன் டயோடுகளையும் மின்தேக்கியையும் சேர்த்தால், சுமை இல்லாத நிலையில் வெளியீடு 350 வோல்ட்டைத் தாண்டும். மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கிய பழைய ரெக்டிஃபையர் வால்வு மெதுவாகச் சூடாகியது. டயோடு அப்படிக் காத்திருப்பதில்லை. ஏற்பியின் வால்வுகள் சூடாகி மின்னோட்டம் இழுக்கத் தொடங்கும்வரை, முழு அழுத்தமும் பல பத்தாண்டுப் பழைய காகித மின்தேக்கிகள்மேல் விழுகிறது. மின்தேக்கிக்கு முன்னால் சோக் (இரும்பு உள்ளகத்தில் சுற்றிய கம்பிச்சுருள்) வைத்தால் வெளியீடு 225 வோல்ட்டை ஒட்டி நிற்கும். ஆனால் சோக் சரியாக வேலை செய்யக் குறைந்தபட்ச மின்னோட்டம் எப்போதும் ஓட வேண்டும் என்பதால், நிரந்தர மின்தடை ஒன்றை வெளியீட்டில் இணைத்தாக வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தின் பிசி 611 போன்ற கையடக்க வானொலிக் கருவிகளில் நிலைமை வேறு. பிசி 611-க்கு, வால்வுகளைச் சூடாக்கும் ஃபிலமென்டுகளுக்கு 1.5 வோல்ட்டும், உயர் அழுத்தமாக 103.5 வோல்ட்டும் மட்டுமே தேவை. 5 வோல்ட் மின்வழங்கியிலிருந்து ஒரு மின்தடை வழியாக ஃபிலமென்டுகளுக்கு மின்சாரம் கொடுத்தால், ஒரு வால்வைக் கழற்றியதும் மற்றவற்றின் மின்னழுத்தம் உயர்ந்து, இணையாக உள்ள அந்த மெல்லிய இழைகள் எரிந்துவிடக்கூடும். சீரான, நிலைப்படுத்திய 1.5 வோல்ட்டே பாதுகாப்பானது.

மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்த உதவும் வேரியாக் (ஒரே சுற்றுடைய, மாற்றியமைக்கக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர்) பயனுள்ள கருவிதான். ஆனால் அது வீட்டு மின்சாரத்திலிருந்து நம்மைப் பிரிப்பதில்லை. தனித்த இரண்டு சுற்றுகள் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் மட்டுமே அந்தப் பிரிவைத் தரும். அணைத்த பிறகும் 500 வோல்ட் மின்தேக்கி ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். 32 மைக்ரோஃபாரட் மின்தேக்கியின் குறுக்கே 100 கிலோ ஓம் மின்தடை இருந்தால், ஏழெட்டு நொடிகளில் அது 50 வோல்ட்டுக்கு இறங்கும், மின்தடை 2.5 வாட் வெப்பத்தை வெளியிடுவதால் 5 வாட்டுக்குக் குறையாததை வைக்க வேண்டும். மின்வழங்கியின் பக்கம் எப்போதும் துளையுள்ள சாக்கெட்டையே பொருத்த வேண்டும். கேபிளைக் கழற்றும்போது 500 வோல்ட் ஏறிய ஊசிகள் விரலருகே வெளியே நிற்கக் கூடாது.

தலையில் ஹெட்போனும் கையில் மோர்ஸ் சாவியும் இருக்க, இரண்டும் பெரும்பாலும் சேசிஸுடன் இணைந்திருக்கும் என்பதால், மூன்றாம் கம்பியான எர்த் இணைப்பைக் கருவியின் சேசிஸ் வரை மீட்டரால் சோதித்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.