செட்டிநாட்டு வீட்டு முகப்பில் லிப்ட் வைக்க

பழைய வீட்டில் லிப்ட் என்றதும் எல்லோருடைய கையும் பின்கட்டைத்தான் காட்டும். காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டில் நானும் அப்படித்தான் காட்டினேன். சக்கர நாற்காலியில் இருந்த ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, பின்கட்டு வழியா வர நான் என்ன விறகுக் கட்டா?" அன்றிலிருந்து முகப்பிலேயே இடம் தேடுகிறேன்.

முதலில் தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய் பிடித்து, தெருவிலிருந்து திண்ணை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். அந்த வீட்டில் மூன்றரை அடி. ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் சாய்தளம் போட்டால் 42 அடி நீளம் வரும், தெருவே அடைபட்டுவிடும். அதனால் கத்தரி லிப்ட். கத்தரிக்கால்கள் விரிந்து மேடையைத் தூக்கும். இறங்கியதும் குழிக்குள் மடங்கித் தரையோடு தரையாகிவிடும். தூண், கூண்டு என்று எதுவும் வெளியே நிற்காது.

இடம் படிக்கட்டுக்குப் பக்கவாட்டில். படியை உடைக்காதீர்கள். மேடை 1100-க்கு 1400 மி.மீ. இருந்தால் நாற்காலியும், தள்ளுகிறவரும் நிற்கலாம். தூக்கும் திறன் குறைந்தது 300 கிலோ. படியில் இருக்கிற அதே கருங்கல்லை மேடை மேலும் பதித்தால் லிப்ட் இருப்பதே தெரியாது. ஆனால் 20 மி.மீ. கல் என்றாலே 80 கிலோவுக்கு மேல் வந்துவிடும். ஆர்டர் கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆளுக்கான எடையைக் கல் தின்றுவிடும். ஆத்தங்குடிக் கல், அதாவது பூப்போட்ட சிமெண்ட் தரை ஓடு, அழகுதான், ஆனால் மழை படும் இடத்தில் வழுக்கும். கருங்கல்லையும் கொத்திச் சொரசொரப்பாக்கித்தான் போட வேண்டும்.

குழியைக் கையால் வெட்டச் சொல்லுங்கள். இயந்திரம் அதிர்ந்தால் சுண்ணாம்புப் பூச்சு விரிசல் விடும். லிப்ட் தன் சொந்தக் கான்கிரீட் தளத்தில் உட்கார வேண்டும். பழைய சுவரில் ஒரு போல்ட் கூட வேண்டாம். சுண்ணாம்புக் காரை போல்ட்டைப் பிடித்து வைக்காது, சுவரும் பாழாகும். இரண்டு அங்குல இடைவெளி விட்டால், நாளைக்கு யாராவது லிப்டைக் கழற்றினாலும் சுவர் அப்படியே இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். வளவு முற்றத்து, அதாவது வீட்டு நடுவே வானம் பார்த்த முற்றத்து, மழைநீர் படிக்குக் கீழே ஒரு பழைய தூம்பு வழியாகத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதைக் கவனிக்காமல் கான்கிரீட்டால் அடைத்துவிட்டேன். ஐப்பசியில் ஒரே ராத்திரி மழை. காலையில் மோட்டார் தண்ணீருக்குள். செலவு என் கையிலிருந்து. இப்போது குழி வெட்டுவதற்கு முன் முற்றத்தில் இரண்டு குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துவிடுகிறேன். அப்புறம் குழிக்கு ஒரு வடிகால் தனியாக.

மேடை ஏறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முன்கதவின் நிலைப்படி இருக்கிறதே! நான்கு அங்குலம். ஆச்சியின் நாற்காலி திண்ணை வரை ஜோராக வந்து அங்கே நின்றுவிட்டது. பர்மாத் தேக்கு நிலையை அறுக்க யாருக்கு மனசு வரும்? நிலைப்படிக்கு இரண்டு பக்கமும் நாலடி நீளத்தில் தேக்கு ஆப்புப் பலகை செய்தோம். ஆணி கிடையாது, விசேஷ நாட்களில் எடுத்து வைத்துவிடலாம்.

பாதுகாப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். மேடையைச் சுற்றிக் கீழே மடிப்புத் திரை, எதுவும் சிக்கினால் நிறுத்தும் சென்சார், திண்ணை ஓரத்தில் மேடை மேலே வந்தால் மட்டும் திறக்கும் கதவு. எங்கள் தெருவில் ஆடுகள் எங்கே வேண்டுமானாலும் படுக்கும். பொத்தானைப் பித்தளைத் தகட்டில் வைக்கலாம். உட்கார்ந்தபடி கை எட்டும் உயரத்தில், தரையிலிருந்து சுமார் மூன்றடிக்கு இருக்கட்டும்.

தமிழ்நாட்டில் லிப்டுக்கென 1997-இலேயே சட்டம் வந்துவிட்டது. உங்கள் மேடைக்கு உரிமம் தேவையா என்று மின் ஆய்வாளர் அலுவலகத்தில் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கரண்ட் போனால் கையால் இறக்கும் வசதி இருக்கும். அதை வீட்டில் இரண்டு பேராவது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செய்து பழக வேண்டும். ஆச்சி வீட்டில் சமையல்கார அம்மாதான் முதலில் கற்றுக்கொண்டார்.