நஞ்சையில் வீடு கட்டும் முன் ஒரு குழி வெட்டிப் பாருங்கள்

சித்திரையில் போய்ப் பார்த்தால் எல்லா நஞ்சையும் நல்ல மனைதான். அறுப்பு முடிந்து, தாள் காய்ந்து, காரையே வயலுக்குள் இறக்கலாம் போல மண் கெட்டியாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரிக்குக் கீழே இருந்த இடத்தைக் கோடையில் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தார்கள், ஐப்பசியில் அளக்கப் போனபோது முழங்கால் தண்ணீரில் நின்றுதான் அளக்க முடிந்தது. அட்வான்ஸ் போனது போனதுதான்.

முதல் வேலை காகிதம், அதற்குச் செலவே இல்லை. அரசின் இ-சேவை தளத்தில் சர்வே எண்ணைப் போட்டால் பட்டா, அ-பதிவேடு (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் பதிவேடு), புலப்படம் (நிலத்தின் எல்லை வரைபடம்) மூன்றும் கிடைக்கும். பட்டாவில் நஞ்சையா புஞ்சையா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். சுற்றியுள்ள சர்வே எண்களையும் ஒவ்வொன்றாகப் போட்டு, எது ஏரி, எது ஓடை, எது வாய்க்கால் புறம்போக்கு என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். நேரில் போகும்போது அந்த வாய்க்கால் இருக்க வேண்டும். புலப்படத்தில் வாய்க்கால், தரையில் தார் ரோடு என்றால் மழைத் தண்ணீர் வேறு வழி தேடும், அந்த வழி உங்கள் வாசலாக இருக்கலாம். 1980களில் நில உடைமைப் பதிவுகளை மேம்படுத்தியதற்கு முந்தைய பழைய பதிவேட்டையும் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். இன்று பட்டா நிலம், அன்று நீர்நிலை என்று வந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவதே நல்லது.

இன்னொன்று, 2017 மத்திய அரசின் ஈரநில விதிகள் நெல்வயலை ஈரநிலக் கணக்கில் சேர்ப்பதில்லை. இதைச் சொல்லிச் சில புரோக்கர்கள் தைரியம் கொடுப்பார்கள். அதில் தப்பில்லை, ஆனால் வேளாண் நிலத்தை வீட்டு மனையாக மாற்ற அனுமதி வாங்குவது தனி வேலை, அது அப்படியேதான் இருக்கிறது. அனுமதி கிடைத்துவிட்டால் தண்ணீர் வராது என்றும் அர்த்தமில்லை.

ஏரிப் பாசனத்தில் நஞ்சை என்றால் மதகைத் திறந்ததும் தண்ணீர் தானாக ஓடிவந்து பாயும் இடம். அதாவது மதகை விடத் தாழ்ந்த இடம், அதனால்தான் அது நஞ்சை. கேள்வி எவ்வளவு தாழ்வு என்பதுதான். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவல் (மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய்) போதும். ரோட்டு நடுமட்டம், பக்கத்து வடிகாலின் தரைமட்டம், உங்கள் வயலின் மட்டம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வயல் வடிகாலை விடத் தாழ்வாக இருந்தால் தண்ணீர் போக வழியே இல்லை. ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழியும் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்பதையும் கேளுங்கள். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம், உள்வாயில், அதாவது ஏரித் தண்ணீர் தேங்கும் பக்கத்தில் இருக்கும் பட்டா நிலத்தைத் தொடவே வேண்டாம். ஊர்ப் பெயரில், வயல் பெயரில் தாங்கல், ஏந்தல் (இரண்டும் ஏரியைக் குறிப்பவை), பள்ளம் என்று வந்தால் அதையும் காதில் போட்டுக்கொள்ளுங்கள், முன்னோர் சும்மா வைத்த பெயரில்லை.

அப்புறம் குழி. இதுதான் முக்கியம். கார்த்திகையில், நல்ல மழை விட்டு நாலைந்து நாள் கழித்து, ஐந்தடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். நெல்வயலில் மேல்மண்ணைப் பார்த்து எதையும் முடிவு செய்யக் கூடாது, ஏனென்றால் வருஷா வருஷம் சேறடித்து உழுததில் அரையடி, முக்காலடிக்குக் கீழே ஒரு இறுகிய அடுக்கு உண்டாகியிருக்கும், தண்ணீர் அதன்மேல்தான் நிற்கும். மேலே சேறு, கீழே உலர்ந்த மண் என்பது சகஜம். அப்படி இருந்தால் பாதி கவலை தீர்ந்தது. அந்த அடுக்கைத் தாண்டிய பிறகு மண்ணின் நிறத்தைப் பாருங்கள். ஒரே சீராகச் செம்மையோ பழுப்போ என்றால் காற்று போகிற மண். சாம்பல் நிறத்தில் துருப்பிடித்த மாதிரி ஆரஞ்சுப் புள்ளிகள் இருந்தால் நிலத்தடி நீர் அந்த உயரம் வரை ஏறி இறங்குகிறது. நீலம் கலந்த சாம்பலும் அழுகிய முட்டை வாடையும் வந்தால் அது வருஷத்தில் பெரும்பகுதி நீரில் ஊறும் மண். இந்த நிறம் கோடையிலும் மாறாது, ஆகவே சித்திரையில்தான் போக முடியும் என்றாலும் குழி வெட்டிப் பாருங்கள். மழைக்காலத்தில் வெட்டினால் மறுநாள் வரை விட்டு, ஊறிய தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். (குழியைச் சுற்றி முள் போடுங்கள், ஆடு மாடு விழும்.) டெல்டாவில் ஆற்றில் தண்ணீர் ஓடும் நாட்களில் பார்க்க வேண்டும், மேட்டூர் மூடிய பிறகு பார்த்த மட்டத்தை நம்ப முடியாது.

வரப்பையும் சுற்றி வாருங்கள். பயிர் வைக்காமல் விட்ட மூலையில் சம்பு, கோரை, நீர்முள்ளி அடர்ந்து நின்றால் அங்கே தண்ணீர் வடிவதில்லை. ஒரு கோரை இரண்டு கோரை எல்லா வயலிலும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வயலில் வேலை செய்யும் வயதானவர்களிடம் 2015 மழையில் எதுவரை நின்றது என்று கேளுங்கள், விற்பவரிடம் கேட்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்து, கட்டலாம் என்று பட்டால் மண் பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள். களிமண் காய்ந்தால் விரல் நுழையும் அளவு வெடிக்கிறது என்றால் சாதாரணக் கடைக்கால் போட்டால் சுவர் பிளக்கும். அண்டர்ரீம்டு பைல் (அடிப்பக்கம் குமிழ் போல அகன்று, ஆழமாக இறங்கும் கான்கிரீட் தூண்) வேண்டுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். கிராவல் கொட்டி உயர்த்துவதாக இருந்தால் மேலவயல்காரரின் தண்ணீர் உங்கள் வயல் வழியாகத்தான் வடிகிறதா என்று முதலில் பார்த்து, அதற்கு வாய்க்கால் விட்டுவிட்டுக் கொட்டுங்கள், இல்லையென்றால் முதல் மழையிலேயே பஞ்சாயத்து. கழிவறைக்கு உறைகுழி இறக்குவதாக இருந்தால் நீங்கள் எழுதிவைத்த அந்தக் கார்த்திகை மட்டத்தைக் கொத்தனாரிடம் காட்டுங்கள். குழியின் அடி அதற்கு நன்றாக மேலே நிற்க வேண்டும், முடியாது என்றால் மூடிய தொட்டிதான், இல்லையேல் மழைக்காலத்தில் கழிவு உங்கள் கிணற்றுக்கே வந்து சேரும்.