காலேஜ் லைப்ரரி வழியா பேப்பர், தீசிஸ், புக் எல்லாம் காசு குடுக்காம எடுக்கறது எப்படி

பிஎச்டி, பிஜி ப்ராஜெக்ட்னு எது பண்றவங்களா இருந்தாலும் சரி, கூகுள்ல பேப்பர் தலைப்பை போட்டு தேடி, பப்ளிஷர் சைட்டுக்கு போய், அங்க 30, 40 டாலர் கேக்குதுன்னதும் அப்படியே மூடிட்டு வந்துடாதீங்க. அப்ஸ்ட்ராக்ட்டை மட்டும் படிச்சுட்டு அதை ரெஃபரன்ஸ்ல சேக்கற வேலையும் வேண்டவே வேண்டாம், வைவால யாராவது உள்ள இருந்து ஒரு கேள்வி கேட்டா பதில் இருக்காது. முதல்ல உங்க யுனிவர்சிட்டி லைப்ரரி வெப்சைட்டுக்கு போங்க, ஈ-ரிசோர்சஸ்னு ஒரு பக்கம் இருக்கும்.

அந்த பக்கத்துல லிங்க் எல்லாம் வரிசையா ஒண்ணு போல தெரியும், ஆனா உள்ள ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு யாரோ காசு கட்டி நமக்கு இலவசமா குடுக்கறது, அது லாகின் இல்லாம திறக்காது. இன்னொண்ணு உலகத்துல யார் வேணா திறக்கலாம்ங்கறது. இது ரெண்டையும் போட்டு குழப்பிக்கறதாலதான் "லைப்ரரி லிங்க் எதுவும் வேலை செய்யலை"ன்னு நிறைய பேர் சொல்றாங்க.

முதல் வகையில இப்போ பெருசு ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் தான். 2025 ஜனவரி 1 லேர்ந்து நடக்குது, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபா ஒதுக்கி சென்ட்ரல் கவர்மென்ட் நடத்துது, எல்சவியர், ஸ்ப்ரிங்கர், வைலி, சேஜ்னு 30 பப்ளிஷரோட கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் இதுல வருது. கவர்மென்ட் யுனிவர்சிட்டி, கவர்மென்ட் காலேஜ், சென்ட்ரல் கவர்மென்ட் ஆராய்ச்சி நிறுவனம் இவங்களுக்குத்தான் இப்போதைக்கு. தனியார் காலேஜ் பசங்களை முதல் கட்டத்துல சேக்காம விட்டது எனக்கு ரொம்ப வருத்தம், நம்ம ஊர்ல இன்ஜினியரிங் படிக்கறவங்கள்ல எத்தனை பேர் செல்ஃப் ஃபைனான்ஸ் காலேஜ்ல இருக்காங்க. எய்டட் காலேஜ்ல இருக்கறவங்க, காலேஜ்களுக்கு ஈ-ஜர்னல், ஈ-புக் திறந்து குடுக்கற என்-லிஸ்ட்ங்கற திட்டம் இருக்கான்னு லைப்ரேரியன்கிட்ட கேளுங்க, காலேஜ் அதுல மெம்பரா இருந்தா உங்க பேர்ல தனி ஐடி போட்டு குடுப்பாங்க.

கேம்பஸ் வைஃபைல இருந்தா பெரும்பாலும் லாகினே கேக்காது, காலேஜோட ஐபி அட்ரஸை வெச்சே திறந்துடும். ஹாஸ்டலுக்கு வெளிய, வீட்ல இருந்து பாக்கணும்னா இன்ஃபெட்னு ஒரு வழி இருக்கு. பப்ளிஷர் சைட்ல இன்ஸ்டிடியூஷன் வழியா லாகின் பண்றதுக்கு ஒரு லிங்க் இருக்கும், அதை அமுக்கி இன்ஃபெட்டை தேர்ந்தெடுத்து காலேஜ் பேரை போட்டு லைப்ரரி குடுத்த ஐடி பாஸ்வேர்டை அடிச்சா போதும். இந்த ஐடியை அட்மிஷன் போட்ட கையோட வாங்கிடுங்க, தீசிஸ் எழுதற கடைசி நேரத்துல போய் நிக்காதீங்க.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும். ஆக்சஸ் கிடைச்சுதேன்னு ஒரு ஜர்னலோட மொத்த இஷ்யூவையும் சாஃப்ட்வேர் போட்டு இறக்காதீங்க. பப்ளிஷர் சிஸ்டம் அதை கவனிச்சு ஐபியை பிளாக் பண்ணிடும், அப்புறம் நீங்க ஒருத்தர் பண்ணதுக்கு கேம்பஸ்ல இருக்கற அத்தனை பேருக்கும் அந்த சைட் நின்னுடும், லைப்ரேரியன்தான் மெயில் மேல மெயில் போட்டு திறக்க வெக்கணும்.

இப்போ ரெண்டாவது வகை. இதுல நான் யாரை பாத்தாலும் முதல்ல சொல்றது சோத்கங்கா, இந்திய யுனிவர்சிட்டி தீசிஸை எல்லாம் சேத்து வெச்சிருக்கற சைட். காந்திநகர்ல இருக்கற இன்ஃப்ளிப்நெட் சென்டர் நடத்துது, தீசிஸை எலக்ட்ரானிக்கா குடுக்கணும்னு யுஜிசி 2009ல ரூல் போட்டதுக்கு அப்புறம் வளர்ந்து இப்போ 5 லட்சத்துக்கு மேல தீசிஸ் இருக்கு, லாகின் எதுவும் வேண்டாம். ஒரு தீசிஸை திறந்தீங்கன்னா முழுசா ஒரே ஃபைலா இருக்காது, டைட்டில், சர்ட்டிஃபிகேட், சாப்டர் ஒண்ணு, ரெண்டுன்னு தனித்தனி பிடிஎஃபா நம்பர் போட்டு இருக்கும். எல்லாத்தையும் இறக்க வேண்டாம். முதல்ல கடைசி பக்கமா போய் பிப்ளியோகிராஃபி ஃபைலை திறங்க, உங்க டாப்பிக்ல இதுவரைக்கும் யார் யார் என்ன எழுதியிருக்காங்கன்னு ஒரே இடத்துல கிடைச்சுடும், அதுக்கப்புறம் லிட்டரேச்சர் ரிவ்யூ சாப்டர். தமிழ்ல எழுதின தீசிஸ் தேடறவங்க தலைப்பை தமிழ் எழுத்துல ஒரு தடவையும் இங்கிலீஷ் எழுத்துல ஒரு தடவையும் போட்டு பாருங்க, எப்படி ஏத்தியிருக்காங்கங்கறதை பொறுத்து ஒண்ணுல வராதது இன்னொண்ணுல வரும்.

தனி பேப்பர் வேணும்னா அதோட டிஓஐ நம்பரை, அதாவது அந்த பேப்பருக்குன்னே இருக்கற அடையாள நம்பரை எடுத்து வெச்சுக்கோங்க, 10னு ஆரம்பிக்கும். ப்ரவுசர்ல அன்பேவால் எக்ஸ்டென்ஷனை போட்டுட்டா பேப்பர் பக்கத்துக்கு போனதும் இலவச காப்பி எங்கயாவது சட்டப்படி இருந்தா ஓரத்துல பச்சை பூட்டு காட்டும், அமுக்கினா பிடிஎஃப். கூகுள் ஸ்காலர்ல வலது பக்கம் பிடிஎஃப் லிங்க் இல்லன்னாலும் கீழ ஆல் வெர்ஷன்ஸ்னு இருக்கறதை திறந்து பாருங்க, ஏதாவது ஒரு யுனிவர்சிட்டி ரெபாசிட்டரில, அதாவது அவங்க ஆளுங்க எழுதினதை சேத்து வெக்கற ஆன்லைன் தொகுப்புல இருக்கலாம். அப்படியே செட்டிங்ஸ்ல லைப்ரரி லிங்க்ஸ்ங்கற இடத்துல உங்க யுனிவர்சிட்டி பேர் இருக்கான்னு தேடி டிக் பண்ணுங்க, லைப்ரரி வாங்கியிருக்கற பேப்பர் பக்கத்துலயே லிங்க் வந்துடும்.

ரெபாசிட்டரில கிடைக்கறது சில சமயம் ஆத்தரோட மேனுஸ்க்ரிப்டா இருக்கும், ஜர்னல்ல வந்த பக்க நம்பர் அதுல இருக்காது. படிக்கறதுக்கு அது தாராளமா போதும், ஆனா மேற்கோள் காட்டும்போது வெளியான வடிவத்தோட பாத்து சரி பண்ணிக்கோங்க.

ஃபிசிக்ஸ், மேத்ஸ், கம்ப்யூட்டர் சயின்ஸ்னா ஆர்க்சைவ், மெடிக்கல்னா பப்மெட் சென்ட்ரல், புக்குன்னா இலவச ஆராய்ச்சி புக்கோட லிஸ்டான டிஓஏபி. ஓப்பன் ஆக்சஸ், அதாவது யார் வேணா இலவசமா படிக்கற ஜர்னல் பேர் தெரியாததா இருந்தா டிஓஏஜேல இருக்கான்னு பாருங்க, 2003லேர்ந்து இருக்கற லிஸ்ட், ஜர்னலை பரிசோதிச்சுதான் சேக்கறாங்க. காசு வாங்கிட்டு எதை வேணா போடற ஜர்னல்ல மாட்டாம இருக்க இந்த ஒரு செக் அவசியம், படிக்கறதுக்கும் சரி, நீங்க பேப்பர் அனுப்பறதுக்கும் சரி. ஐஐடி காரக்பூர் நடத்தற நேஷனல் டிஜிட்டல் லைப்ரரில எல்லா லிங்க்கும் முழு புத்தகத்துக்கு போகாது, பல இடத்துல விவரம் மட்டும்தான், வேற சைட்டுக்கு அனுப்பும், அதை தெரிஞ்சுக்கிட்டு போங்க.

தமிழ் டிபார்ட்மென்ட், வரலாறு படிக்கறவங்களுக்கு தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட டிஜிட்டல் லைப்ரரி, பழைய நூல் ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. 1998ல ஆரம்பிச்ச மதுரைத் திட்டத்துல இலக்கியம் எல்லாம் டைப் பண்ணி இருக்கறதால ஒரு சொல்லை தேடறதுக்கு வசதி. இலங்கை சம்பந்தமா எதுன்னாலும் நேரா "நூலகம்"ங்கற பேர்லயே இருக்கற சைட்டுக்கு போயிடுங்க, அங்க இருக்கற பத்திரிகை, சஞ்சிகை, சிறுவெளியீடுகளை வேற எங்கயும் தேடி கண்டுபிடிக்கறது கஷ்டம். உங்க லைப்ரரி பக்கத்துல இதெல்லாம் இல்லன்னா சேக்க சொல்லி லைப்ரேரியனுக்கு லிங்க் அனுப்புங்க, அடுத்து வர்ற பசங்களுக்கு ஆகும்.

இத்தனையும் பாத்தும் கிடைக்கலையா, பேப்பரோட முதல் பக்கத்துல ஆத்தர் மெயில் ஐடி இருக்கும். பேப்பர் தலைப்பு, நீங்க எங்க என்ன படிக்கறீங்க, எதுக்கு வேணும்னு நாலு வரி எழுதி ஒரு காப்பி அனுப்ப முடியுமான்னு மரியாதையா கேளுங்க, முடிஞ்சா காலேஜ் மெயில்லேர்ந்து அனுப்புங்க. ஒரு வாரம் பதில் இல்லன்னா இன்னொரு ஆத்தருக்கு போடுங்க.