மே 15: பாளையங்கோட்டையின் ஒரு நாள் வெயிலையும் பகல் நீளத்தையும் தொகுக்கும் முறை

ஒரே தேதியில் ஆண்டுதோறும் அடித்த வெயிலைத் தொகுக்க, முதலில் தேதியை ஆங்கில நாள்காட்டியில் நிலைநிறுத்துங்கள். வைகாசி 1 சில ஆண்டுகளில் மே 14-லும் சில ஆண்டுகளில் 15-லும் வரும். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டமோ ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். தேர் நாள் வெயில்தான் வேண்டுமென்றால் அதற்குத் தனிப் பட்டியல் போட வேண்டும். இங்கே கத்திரி வெயிலின் நடுவில் வரும் மே 15-ஐ எடுத்துக்கொள்வோம். எக்செல்லில் மாதம், தேதி இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் வைத்துச் சலியுங்கள் (ஃபில்டர்). ஆண்டின் 135-ஆம் நாள் என்று சலித்தால் லீப் ஆண்டுகளில் மே 14 வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது இடம். பத்திரிகைகள் நெல்லை வெயில் என்று போடுவது பெரும்பாலும் பாளையங்கோட்டை வானிலை நிலையத்தின் அளவு. 1986 வரை தூத்துக்குடியும் 2019 வரை தென்காசியும் நெல்லை மாவட்டத்துக்குள் இருந்தன. பழைய ஆவணத்தில் ‘மாவட்டத்தின் உச்ச வெப்பம்’ என்று மட்டும் இருந்தால், அது கடற்கரை ஊருடையதா, மலையடிவார ஊருடையதா என்று தெரியாமல் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

நிலையத்தின் தினசரி அளவுகளை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புனே அலுவலகத் தரவுத் தளத்தில் கேட்டுப் பெறலாம். 1951 முதலான கட்டவாரித் தரவை (வரைபடத்தைக் கட்டங்களாகப் பிரித்துக் கட்டத்துக்கு ஓர் எண் தருவது) அங்கேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நாசாவின் ‘பவர்’ என்ற வானிலைத் தரவுத் தளத்தில் அட்சரேகை 8.72, தீர்க்கரேகை 77.74 கொடுத்தால் 1981 முதல் கிடைக்கும். ஆனால் கட்டவாரித் தரவு ஒரு பெரிய பரப்பின் சராசரி. அந்தப் பரப்புக்குள் மேற்கே மலையும் வந்துவிட்டால், பாளையங்கோட்டையில் உண்மையில் அடித்த வெயிலைவிட எண் குறைந்தே நிற்கும். ஆண்டுகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவும். உச்சப் பதிவு என்று எழுத உதவாது. நிலையத்தின் எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் ஒரே வரிசையில் கலக்கவே கூடாது.

அதிகம் பேர் தடுக்கி விழுவது இருபத்து நான்கு மணி நேரக் கணக்கில்தான். நிலையத்தில் காலை 8.30-க்கும் மாலை 5.30-க்கும் வெப்பமானியைப் படிக்கிறார்கள். காலையில் படிக்கும் அதிகபட்சம் முந்தைய நாள் பிற்பகல் வெயில். மாலையில் படிப்பது அன்றைய வெயில். மே 15-இன் வெயிலை மே 16 நாளிதழில் தேடுங்கள். மழையளவும் காலை 8.30-ஓடு முடியும் கணக்கு என்பதால், பட்டியலில் 15-ஆம் தேதிக்கு நேரே இருக்கும் கோடை மழை பெரும்பாலும் 14 சாயங்காலம் பெய்தது. இடி மழை கொட்டிய நாளில் குறைந்தபட்ச வெப்பம்கூட விடியலில் வராமல் முந்தைய மாலையிலேயே வந்திருக்கலாம்.

பழைய எண்கள் ஃபாரன்ஹீட்டில் இருக்கும். இன்றும் ‘வெயில் சதமடித்தது’ என்றால் 100 ஃபாரன்ஹீட், அதாவது 37.8 செல்சியஸ். 32-ஐக் கழித்து 1.8-ஆல் வகுங்கள். ஒரு சிக்கல் உண்டு: நிலையத்தில் 39.8 பதிவானாலும் 40.2 பதிவானாலும் முழு எண்ணாக்கினால் 104 என்றுதான் அச்சாகும். அதைத் திருப்பி மாற்றி 40.0 என்று எழுதினால் இல்லாத துல்லியம் வந்துவிடும். ‘முழு எண்ணிலிருந்து’ என்று பக்கத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் அச்சாக ஒரே எண் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அதிகபட்ச வெப்பமானியின் பாதரசத்தை உதறி இறக்காமல் விட்டால், மறுநாள் வெயில் குறைந்தாலும் பழைய எண்ணே நிற்கும்.

உச்சப் பதிவுக்கு மே 15 மட்டும் போதும். வழக்கமான வெயில் எது என்று சொல்ல அது போதாது. முப்பது ஆண்டுக்கு முப்பதே எண்தான் கிடைக்கும், நாலைந்து ஆண்டு மழை வந்தாலே சராசரி சரிந்துவிடும். 1991 முதல் 2020 வரை, மே 11 முதல் 19 வரையிலான ஒன்பது நாளையும் சேர்த்தால் 270 எண் கிடைக்கும். விட்டுப்போன ஆண்டுகளை வெற்றிடமாகவே வையுங்கள், பூஜ்யம் போடாதீர்கள். சமவெளியில் 40 செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை என்பது வானிலைத் துறையின் அளவுகோல்.

இனிமேல் நீங்களே அளக்கப்போகிறீர்கள் என்றால் மொட்டைமாடி வேண்டாம். காற்று புகும் சாய்சட்டங்கள் வைத்த வெள்ளைப் பெட்டி, தரையிலிருந்து சுமார் நாலடி உயரம், கதவு வடக்குப் பக்கம். நம் ஊரில் ஏப்ரல் 12-13 தொடங்கி ஆகஸ்ட் 30 வரை உச்சிச் சூரியன் வடக்கே நிற்கும். மே 15 அன்று நேர் கிழக்கிலிருந்து 19 டிகிரி வடக்கே தள்ளித்தான் உதிக்கும். அதனால் காலையில் கதவைத் திறந்தால் வெயில் நேரே உள்ளே இருக்கும் வெப்பமானியின் குமிழில் விழும். உடம்பால் நிழல் கொடுத்து, முதலில் தசமத்தையும் பிறகு முழு எண்ணையும் படித்து உடனே மூடுங்கள்.

பகல் நீளம் ஒரே தேதிக்கு எல்லா ஆண்டும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒருமுறை கணக்கிட்டால் போதும். இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. நாம் 4.8 டிகிரி மேற்கே இருக்கிறோம், டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 19 நிமிடம் தாமதம். மே நடுவில் சூரியன் கடிகாரத்தைவிட சுமார் 4 நிமிடம் முந்தும். ஆக உச்சி 12.15-ஐ ஒட்டி. உதயம் 6.00, அஸ்தமனம் 6.31, பகல் 12 மணி 31 நிமிடம். ஜூன் 21-இன் மிக நீண்ட பகலே 12 மணி 38 நிமிடம்தான்.

தினசரி நாள்காட்டியில் சென்னை நேரம் இருந்தால் அப்படியே எடுக்காதீர்கள். மே 15-இல் சென்னையில் உதயம் 5.43, நமக்கு 17 நிமிடம் முன்னால்; அஸ்தமனம் 6.27, வெறும் 4 நிமிடம் முன்னால். இரண்டுக்கும் ஒரே திருத்தம் போட்டால் பகல் நீளம் தப்பாகிவிடும். பாபநாசம், அம்பாசமுத்திரம் பக்கம் மலை முன்னதாகவே வெயிலை மறைக்கும்: தொடுவானத்துக்கு மேல் மலை 5 டிகிரி எழுந்து நின்றால் 20 நிமிடத்துக்கும் மேல் முன்பே நிழல் விழும். கணக்கிட்ட அஸ்தமனம் ஒரு நெடுவரிசை, மலைக்குப் பின் சூரியன் மறையும் நேரம் இன்னொரு நெடுவரிசை என்று தனித்தனியே எழுதுங்கள்.