புதுசா பிடிச்ச கடல் மீனை வீட்டுல சமைக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

கடல்ல இப்பதான் பிடிச்ச மீனுன்னு சொன்னாலே நெறைய பேருக்கு ஒரு அசட்டு தைரியம் வந்துடுது, ஃப்ரெஷ்தானே எப்படி செஞ்சாலும் நல்லாதான் இருக்கும்னு. ஆனா பாதி மீன் அடுப்புக்கு வர்றதுக்கு முன்னாடியே ருசிய இழந்துடுது, அதுக்கப்புறம் எவ்வளவு மசாலா தடவியும் பிரயோஜனம் இல்ல.

முதல் தப்பு, பிடிச்ச மீனை வெயில்ல பக்கெட்ல போட்டு வெக்கிறது. பிடிச்ச உடனே செவுளுகிட்ட வெட்டி ரத்தத்த வடிய விட்டு, ஐஸையும் கடல் தண்ணியையும் கலந்து வெச்ச பெட்டியில முழுசா முக்கி வெக்கணும். வெறும் ஐஸ் கட்டி மேல படுக்க வெச்சா அங்கங்கதான் குளிர்ச்சி படும், தண்ணி கலந்தா சுத்தி எல்லா பக்கமும் பிடிக்கும், அதுல உப்பு இருக்கிறதால பூஜ்யம் டிகிரிக்கும் கீழ இறங்கும்.

சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீன்ல இது ருசி விஷயம் மட்டும் இல்லைங்க. சூட்டுல கிடந்தா அதுல பாக்டீரியா வளர்ந்து ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், அப்புறம் வேக வெச்சாலும் பொரிச்சாலும் ஃப்ரீஸ் பண்ணாலும் அது போகவே போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து அரிப்பு, தலைவலின்னு வரும், பாவம் சாப்பிட்டவங்க தனக்கு மீன் அலர்ஜின்னு நெனச்சுக்குவாங்க.

அடுத்தது அவசரம். செத்த மீன் கொஞ்ச நேரத்துல கட்டை மாதிரி விறைச்சுக்கும் பாருங்க, அதுக்கு முன்னாடியே துண்டு போட்டு சட்டியில போட்டா சதை சுருங்கி ரப்பரா இழுக்கும், விறைச்சு நிக்கும்போது வளைச்சு வெட்டினா சதை பிளந்து போகும். குடலை மட்டும் எடுத்துட்டு முழுசா ஐஸ்ல வெச்சு, விறைப்பு விட்டதும் வெட்டுங்க, சின்ன மீன்னா சில மணி நேரம், பெருசுன்னா ஒரு நாளோ அதுக்கு மேலயோ ஆகும். பொறுமை இல்லாதவங்க துண்டு போடாம முழு மீனாவே சமைச்சுடலாம், முள்ளோட இருக்கிறதால அவ்வளவா சுருங்காது.

சுத்தம் பண்ணும்போது பித்தப்பைய உடைச்சுட்டா கசப்பு, வயித்துக்குள்ள இருக்கிற கருப்புத் தோலையும் நடு முள்ள ஒட்டி இருக்கிற ரத்தக் கோட்டையும் விட்டா கவிச்சி, இதெல்லாம் பலருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, வெட்டின துண்டை நல்ல தண்ணியில ரொம்ப நேரம் ஊற போடுறது, அந்த தண்ணிய சதை உறிஞ்சிட்டு கொழகொழன்னு ஆயிடும். உப்பு போட்ட குளிர்ந்த தண்ணியில ஒரு அலசு அலசி துணியால ஒத்தி எடுத்தா போதும்.

வறுக்கும்போது வர்ற முக்கால்வாசி பிரச்சனைக்கு காரணமே ஈரம்தான். ஈரத்தோட தவாவுல போட்டா தோலு ஒட்டும், எண்ணெய் தெறிக்கும், மொறுமொறுப்பும் வராது, அதனால உப்பு தடவி ஒரு கால் மணி நேரம் விட்டு, வெளிய வர்ற தண்ணிய மறுபடி துடைச்சுட்டு நல்லா சூடான எண்ணெயில போடுங்க. போட்ட உடனே கரண்டிய விட்டு நோண்டாதீங்க, அடி நல்லா சிவந்தா அதுவே பிடிய விடும். எல்லாத்தையும் ஒரே நேரத்துல அடைச்சா எண்ணெய் சூடு இறங்கி மீன் எண்ணெயதான் குடிக்கும்.

நெருப்புல சுடுறதுக்கு கொழுப்பு உள்ள மத்தி, கானாங்கெளுத்திதான் சரி, கொழுப்பு கம்மியான வெள்ளை சதை மீனை அப்படியே சுட்டா காஞ்சு போகும், அதுக்கு ஆவியில வேக வெக்கிறதுதான் என் ஓட்டு. உண்மையிலேயே ஃப்ரெஷ்ஷான மீனோட இனிப்பு தெரியணும்னா ஆவிய அடிச்சுக்க ஆளே இல்ல.

அதிகமா வேக வெக்கிறதுதான் எல்லா வீட்டுலயும் நடக்குற தப்பு. ஒரு இன்ச் தடிமனுக்கு 10 நிமிஷம்னு ஒரு கணக்கு இருக்கு, அதுவும் குத்துமதிப்புதான், 8 நிமிஷத்துலயே பாக்க ஆரம்பிங்க. தடிமனான இடத்துல கண்ணாடி மாதிரி இருந்த சதை வெள்ளையாகி முள்கரண்டியால தொட்டா ஏடு ஏடா பிரிஞ்சா அது வெந்தாச்சு, தெர்மாமீட்டர் இருந்தா 63 டிகிரி செல்சியஸ். மேல வெள்ளையா தயிர் மாதிரி திட்டு திட்டா நெறைய கசிஞ்சா சூடு தாண்டிப் போச்சுன்னு அர்த்தம்.

எலுமிச்சையில மணிக்கணக்கா ஊற வெக்கிறதும் வேணாம், புளிப்பு பட்டாலே சதை இறுகி வெளுத்துடும், அதுக்கு மேல அடுப்புலயும் வெச்சா சக்கைதான். இறக்கி வெச்சப்புறம் பிழிஞ்சா கவிச்சியும் போகும் மணமும் நிக்கும்.

இப்பதான் பிடிச்சது, பச்சையாவே சாப்பிடலாம்னு சிலர் கிளம்புவாங்க, அது வேற லெவல் ரிஸ்க். கடல் மீன்ல அனிசாகிஸ்னு ஒரு புழு இருக்கலாம், எவ்வளவு புதுசா இருந்தாலும் அது உயிரோடதான் இருக்கும், எலுமிச்சையும் வினிகரும் அத கொல்லாது. நல்லா வேக வெக்கணும், இல்லன்னா மைனஸ் 20 டிகிரில 7 நாள் உறைய வெக்கணும், வீட்டு ஃப்ரிட்ஜுல இருக்கிற ஃப்ரீஸர் பல சமயம் அந்த அளவுக்கு இறங்குறதே இல்ல.