மறைந்துபோன கனடியப் படங்களை இறுவட்டில் தேடிப் பிடிப்பது எப்படி

ரொறன்ரோவுக்கு வந்த ஆறாவது பனிக்காலத்தில், ஸ்காபரோ நூலகக் கிளை ஒன்றில் ஒரு டிவிடியை இரவல் எடுத்தேன். டான் ஷெபிப் 1970இல் எடுத்த ‘கோயின் டவுன் த ரோட்’. நோவா ஸ்கோஷியாவிலிருந்து பழைய காரில் வேலை தேடி ரொறன்ரோவுக்கு வரும் பீற், ஜோயி என்ற இரண்டு பேரின் கதை. உதவி கேட்டுப் போன இடத்தில் உறவினர்கள் இவர்களைக் கண்டு ஒளிந்துகொள்கிறார்கள். அந்தக் காட்சியில் படத்தை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். வந்த புதிதில் எனக்கும் ஒரு கதவு திறக்கவில்லை. அன்றிலிருந்து இப்படிப்பட்ட படங்களைத் தேடிச் சேர்த்து வருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்தது இது.

முதலில், ‘சிறந்த நூறு கனடியப் படங்கள்’ போன்ற பட்டியல்களை ஒதுக்கிவையுங்கள். பிடித்த ஒரு படத்தின் இறுதியில் ஓடும் பெயர்களை எழுதி வைத்து, அவற்றின் பின்னால் போங்கள். ஷெபிப்பின் படத்துக்கு ஒளிப்பதிவு ரிச்சர்ட் லைட்டர்மன், திரைக்கதை வில்லியம் ஃப்ரூட். ஃப்ரூட்டைத் தொடர்ந்தால் அவரே எழுதி இயக்கிய ‘வெடிங் இன் வைட்’ (1972) கிடைக்கும். அதற்கும் கேமரா லைட்டர்மன்தான். அவரைப் பின்னுக்குத் தொடர்ந்தால் ஆலன் கிங்கின் ‘எ மேரிட் கப்பிள்’ (1969), முன்னுக்குத் தொடர்ந்தால் ஜாய்ஸ் வீலண்டின் ‘த ஃபார் ஷோர்’ (1976). ஒரே மனிதரின் கண் வழியாக ஏழு ஆண்டுகளை இப்படிப் பார்த்துவிடலாம்.

காலத்தையும் கவனியுங்கள். படங்களுக்கு அரசுப் பணம் கொடுக்கும் கனடியத் திரைப்பட மேம்பாட்டுக் கழகம் 1968இல் ஒரு கோடி டொலருடன் பணியைத் தொடங்கியது. எழுபதுகளின் நடுவில் படத்தில் போடும் பணத்துக்கு நூறு வீத வரிச்சலுகை வந்தது. அதன்பின் வந்த பல படங்களில் ரொறன்ரோவும் மொன்றியலும் அமெரிக்க நகரங்களாக வேடம் போட்டன. தெருவில் நிற்கும் கார்களின் இலக்கத் தகட்டைப் பாருங்கள். ஒன்ராறியோ தகடு மறைக்கப்படாமல் தெரிந்தால் எனக்கு மனம் குளிரும்.

இனி வாங்கும் விஷயம். பெட்டியின் முன்பக்கத்தில் ‘மறுசீரமைக்கப்பட்டது’ என்று இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். பின்பக்கத்தைப் படியுங்கள். எதிலிருந்து ஸ்கேன் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவ் என்றால் மிக நல்லது. நெகட்டிவ் தொலைந்திருந்தால் அதிலிருந்து எடுத்த இடைப்பிரதி. அதுவும் இல்லையென்றால் திரையரங்கில் ஓடிய பிரதி. அந்தக் காலத்து வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். அதனால்தான் பழைய பிரதிகளில் எல்லா முகங்களும் இளஞ்சிவப்பாகத் தெரிகின்றன. எதிலிருந்து எடுத்தது என்ற தகவலே இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை.

சீரமைப்பு என்றால் பளிச்சென்று துடைப்பது என்று நானும் முதலில் நினைத்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது இயக்குநர் கை மாடின் (Guy Maddin) எடுத்த ‘டேல்ஸ் ஃப்ரம் த கிம்லி ஹாஸ்பிடல்’ (1988). மனிற்றோபாவில் ஐஸ்லாந்துக்காரர்கள் குடியேறிய கிம்லி ஊரில், அம்மை பரவிய காலத்தில் நடக்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஒலியில் இரைச்சல், ஒளியில் மங்கல், எல்லாம் இயக்குநர் வேண்டுமென்றே வைத்தவை. தேய்ந்த பழைய பேசும் படம் ஒன்று கையில் கிடைத்ததுபோல இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். இதைச் சீரமைப்பவர், காலம் செய்த கீறல் எது, மாடின் வைத்த இரைச்சல் எது என்று பிரித்தறிய வேண்டும். 2022இல் வந்த 4கே (மிக உயர்ந்த துல்லியம்) வடிவத்தின் பெயரில் ‘ரீடக்ஸ்’ என்று சேர்ந்திருக்கும். அது இயக்குநர் மறுபடி கைவைத்த வடிவம் என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள். 16 மி.மீ. அகலச் சுருளில் எடுத்த படங்களில் மணல்போல ஒரு துகள் அசைந்துகொண்டே இருக்கும். அது அழுக்கல்ல, படச்சுருளின் இயல்பு. அதைத் துடைத்துவிட்டால் தோல் மெழுகாகிவிடும். உங்கள் தொலைக்காட்சியும் இதே தவறைச் செய்யும் என்பதால், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பை அணைத்து, கூர்மையையும் குறைத்துவிடுங்கள்.

எந்த நாட்டுக் கருவியில் வட்டு ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியையும் பார்த்து வாங்குங்கள். ப்ளூ-ரேயில் கனடாவும் அமெரிக்காவும் ஏ, ஐரோப்பா பி, இந்தியா சி. நான் ஒருமுறை பிரித்தானியக் கடை ஒன்றிலிருந்து ஆசையாக வரவழைத்த வட்டு என் கருவியில் ஓடவே இல்லை. இரண்டு கிழமை காத்திருந்தது வீணானது. 4கே வட்டுகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

எங்கே தேடுவது? கனடியன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் என்ற வெளியீட்டகம் இப்படிப்பட்ட படங்களையே தேடி வெளியிடுகிறது. ஃபிலிப் போர்சோஸின் ‘த கிரே ஃபாக்ஸ்’ (1982) சீரமைக்கப்பட்டு கீனோ லோர்பர் என்ற வெளியீட்டகம் வழியாக வந்தது. போர்சோஸ் 41 வயதில் இறந்துவிட்டார். அந்த வட்டைப் போடும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும். அழகான வெளியட்டையுடன் வரும் முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தால் பதற்றப்பட்டு மூன்று மடங்கு விலை கொடுக்க வேண்டாம். அட்டை இல்லாத பதிப்பு பெரும்பாலும் தொடர்ந்து கிடைக்கும், உள்ளே இருப்பது அதே வட்டு. பணம் கொடுக்குமுன் நூலகத்தில் கேளுங்கள். டான் ஓவனின் ‘நோபடி வேவ்ட் குட்பை’ (1964) படத்தைத் தயாரித்த தேசியத் திரைப்பட வாரியம் தன் படங்களில் ஆயிரக்கணக்கானவற்றை இணையத்தில் இலவசமாகவே காட்டுகிறது.

வட்டு கைக்கு வந்ததும் முதல்முறை படத்தை மட்டும் பாருங்கள். சில நாள் கழித்து, படம் ஓடும்போதே அதைப் பற்றிப் பேசும் விளக்கவுரை ஒலியைப் போட்டு மறுபடி பாருங்கள். எங்கே படமாக்கினார்கள், எங்கே பணம் தீர்ந்தது என்பதெல்லாம் அங்கேதான் வரும். பெட்டியோடு வரும் கையேட்டைக் கடைசியாகப் படியுங்கள்.

ஷெபிப்பின் படத்தில் யங் தெருவில் உள்ள சாம் இசைத்தட்டுக் கடைக்குள் பீற் நுழைந்து, தன்னைக் கவனிக்காத ஒரு பெண்ணின் பின்னால் தயங்கி நிற்பான். கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அதன் சுழலும் நியோன் தட்டுகள் இன்று அருகிலிருக்கும் சதுக்கத்தின் மேலே, ஒரு கட்டடத்தின் உச்சியில் எரிகின்றன. படம் பார்த்த மறுநாள் மாலை, வேலை முடிந்து அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள்.