வாசனை பார்த்துச் சமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“உங்கள் வீட்டு ரசம் தெருமுனை வரை மணக்கிறதே” என்று யாராவது சொன்னால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் தெருமுனைக்குப் போன மணம் ஈயச் சொம்பில் இல்லை. மிளகு, சீரகம், மல்லி எல்லாவற்றின் மணமும் எளிதில் ஆவியாகிற எண்ணெயில் இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க அது வெளியேறிவிடும். நன்றாகக் கொதிக்க வேண்டியது புளித்தண்ணீரும் தக்காளியும்தான். அதன் பச்சை வாசனை போன பிறகு பருப்புத் தண்ணீரும் பொடியும் சேர்த்து, நுரை கூடி மேலே எழும்பும்போதே இறக்கி, கொத்தமல்லி தூவி மூடிவிடுங்கள்.

பச்சை வாசனை என்றதும் இன்னொன்று. “பச்சை வாசனை போகும் வரை கொதிக்கவிடவும்” என்ற குறிப்பைப் பலர் பத்து நிமிடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாப் பச்சை வாசனையும் ஒன்றல்ல. புளியில் அது மூக்கைச் சுளிக்க வைக்கிற புளிப்பு. இஞ்சி பூண்டு விழுதில் உறுத்துகிற காரம். சாம்பார்ப் பொடியில் வேகாத மாவு வாசனை. ஒவ்வொன்றும் போக ஆகும் நேரம் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டு மோந்து பார்த்தால் எது போனது, எது போகவில்லை என்று பிடிபடாது. மூடியைத் திறந்ததும் குபீரென்று வரும் ஆவியை நம்பவும் வேண்டாம், கையைச் சுட்டுக்கொள்ளவும் வேண்டாம். அது போகட்டும். அப்புறம் ஒரு கிளறு கிளறி, கரண்டியில் கொஞ்சம் எடுத்து மோந்து பாருங்கள்.

நான் அதிகம் கோட்டைவிட்டது தாளிப்பில். ஒருமுறை வத்தக்குழம்புக்குக் கடுகு வெடித்து, வெந்தயம் போட்ட நேரத்தில் செல்போன் அடித்தது. வெந்தயம் வறுபட்ட அந்த இனிப்பான மணம் வந்தது. சமர்த்தாக அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனேன். வந்து பார்த்தால் வெந்தயம் கருகி, குழம்பு முழுக்கக் கசப்பு. அணைத்த பிறகும் இரும்புக் கடாயும் எண்ணெயும் வறுத்துக்கொண்டேதான் இருக்கும். மணம் வந்த நொடியில் அடுத்த பொருள் கையில் தயாராக இருக்க வேண்டும்: நறுக்கிய வெங்காயமோ புளிக்கரைசலோ. வெங்காயத்தை அப்போதுதான் உரிக்க ஆரம்பித்தால் கதை முடிந்தது. ரவை, உளுந்து வறுக்கும்போது உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். நிறம் மாறுவதற்கு முன்பே மூக்குக்குத் தகவல் வந்துவிடும்.

ஒரு மணி நேரம் அடுப்படியிலேயே நின்றால் மூக்கு அந்த வாசனைக்குப் பழகிவிடும். மணம் போதவில்லையோ என்று இன்னொரு சிட்டிகை பெருங்காயம் போடத் தோன்றும். போடாதீர்கள். கொல்லைப்பக்கமோ பால்கனியோ இரண்டு நிமிடம் நின்றுவிட்டு வந்து பாருங்கள்.

கெட்டுப்போனதா என்று மூக்கை வைத்து முடிவு செய்வதில் பாதி சரி, பாதி ஆபத்து. எண்ணெயின் சிக்கு வாடை, ஊசிப்போன சாம்பார், திரிந்த பால் எல்லாம் மூக்குக்கு எட்டும். சாதம் அப்படியில்லை. வெளியிலேயே கிடந்த சாதத்தில் பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா பெருகி நச்சு உண்டாக்கலாம். வாசனை நன்றாகவே இருக்கும், சூடுபடுத்தினாலும் வாந்தி வரவைக்கும் அந்த நச்சு போகாது. மிஞ்சிய சாதத்தை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

சளி பிடித்த நாளில் மட்டும் மூக்கை நம்பவே கூடாது. சிலிண்டர் வாயுவுக்கு இயல்பாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். மூக்கடைத்தவருக்கு அதுவும் தெரியாது. சமையல் முடிந்ததும் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். மாவு புளித்ததா, பால் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கிற வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது கொடுங்கள். பிள்ளைகள் இதில் ரொம்பக் கறார்.